சோதனைக்குக் காத்திருக்கும் உறைகள்: பாலியல் வன்முறைத் தடயங்களின் பரிசோதனைக்குப் பொதுநிதி வந்த வரலாறும் வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதியும்

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் மருத்துவர் எடுத்து, உலர்த்தி, உறையிலிட்டு, முத்திரை வைத்து ஒப்படைக்கும் தடயப் பொருள்கள் பகுத்தாராயப்படாமல் மாதக்கணக்கிலும் சில வழக்குகளில் ஆண்டுக்கணக்கிலும் தங்கிவிடுவதை இக்கட்டுரை சான்றுத் தேக்கம் என்று குறிக்கிறது. இத்தேக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களில் ஒன்றைக் கைக்கொள்கின்றனர்: கருவிகளும் ஆட்களும் போதவில்லை என்பது அரசு ஆவணங்கள் தரும் விளக்கம், பெண்ணின் சொல்லை நம்பாத காலனிய நீதிமுறை இன்னும் தொடர்கிறது என்பது வரலாற்றாய்வாளர் தரும் விளக்கம். முதலாவது, நிதி வந்த பின்பும் தேக்கம் தொடர்வதை விளக்குவதில்லை. இரண்டாவது ஆழமானது, ஆகவே விரிவாக எதிர்கொள்ளப்பட வேண்டியது. சட்டம் மருத்துவருக்கும் காவலருக்கும் நீதிமன்றத்துக்கும் காலக்கெடு விதித்துவிட்டு ஆய்வுக்கூடத்தை மட்டும் கெடுவுக்கு வெளியே நிறுத்தியதும், பொதுநிதி சோதிக்கப்பட்ட வழக்குகளை எண்ணாமல் வாங்கப்பட்ட பொருள்களை எண்ணியதும் சேர்ந்தே தேக்கத்தை வளர்த்தன, அதைக் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

எலிசபெத் கோல்ஸ்கி 2010-இல் 'ஜெண்டர் அண்ட் ஹிஸ்டரி' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, 1860 முதல் 1947 வரை பிரித்தானிய இந்திய நீதிமன்றங்கள் பாலியல் வன்முறை வழக்குகளை நடத்திய முறையை ஆராய்ந்தது. சட்டத்தைத் தொகுத்துச் சீர்திருத்தியதாகப் பெருமை கொண்ட ஆட்சி, இவ்வழக்குகளில் பெண்ணுக்கு எதிரான ஒரு சான்று முறையையே நிலைநிறுத்தியது என்று அவர் காட்டினார். இங்கிலாந்தின் சட்ட மரபில் ஏற்கெனவே இருந்த 'பொய்ப் புகார்' அச்சமும், இந்தியச் சாட்சிகள் நம்பத்தகாதவர்கள் என்ற ஆட்சியாளரின் முன்முடிவும் ஒன்றுசேர்ந்தன. அதனால் பெண்ணின் வாய்மொழி தனித்து நிற்க முடியாததாயிற்று. காயம், கறை, எதிர்ப்பின் அடையாளம் ஆகியவற்றை அவளது உடலே காட்டி அவள் சொல்லுக்குத் துணைநிற்க வேண்டியிருந்தது. நார்மன் செவர்ஸ் 1856-இல் வங்காளத்துக்கென எழுதிய மருத்துவ நீதியியல் கையேடு போன்ற நூல்கள் மருத்துவரின் கண்ணிலேயே இந்த ஐயத்தை ஊன்றின. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், புகாரளித்தவரின் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்க 155-ஆம் பிரிவில் இடம் தந்தது.

இவ்வாசிப்பின் வலிமையை மறுப்பதற்கில்லை. அந்த 155-ஆம் பிரிவின் உட்பிரிவு 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை நீடித்தது. பெண்ணின் உடலுறவு முன்வரலாற்றை விரலால் அளக்க முயன்ற 'இருவிரல் சோதனை' உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறிய பின்பும் நின்றுவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 ஏப்ரலில் அதைத் தடைசெய்ய ஆணையிட வேண்டியிருந்தது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது. ஐயம் ஒரு மனநிலையாக மட்டும் இருந்திருந்தால் ஒன்றரை நூற்றாண்டு தாங்கியிராது. அது படிவங்களிலும் பாடநூல்களிலும் குடியேறியிருந்ததாலேயே தாங்கியது என்ற கோல்ஸ்கியின் பார்வை தமிழ்நாட்டுக்கும் பொருந்துகிறது.

ஆயினும் இவ்வாசிப்பைச் சான்றுத் தேக்கத்துக்கு நீட்டும்போது ஒரு முரண்பாடு எழுகிறது. நம்பாதவர் சோதித்துப் பார்க்க முனைவார். பெண்ணின் சொல்லுக்கு உடலே சாட்சி சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு நீதிமுறை, அவ்வுடலிலிருந்து எடுத்த பஞ்சுத் துடைப்பானை ஆய்வுக்கூடத்துக்கு விரைந்து அனுப்பி விடையைக் கேட்டு நிற்க வேண்டுமே தவிர, அதை வாங்கி வைத்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடக் கூடாது. கோல்ஸ்கியின் சான்றுகள் உடற்சான்று ஏன் கோரப்பட்டது என்பதை நிறுவுகின்றன. கோரிப் பெற்ற சான்று ஏன் திறக்கப்படாமல் கிடக்கிறது என்பதை அவற்றால் நிறுவ இயலாது. அவரது ஆய்வுக்காலம் 1947-இல் முடிகிறது, அவரது மூலங்கள் தீர்ப்புகளும் மருத்துவ நீதியியல் நூல்களும்; ஆய்வுக்கூடத்தின் வரவுப் பதிவேடு அவற்றுள் இல்லை. எனவே குறை அவருடையதைவிட, அவர் முடிவை அவர் செல்லாத இடத்துக்குக் கொண்டுசெல்வோருடையது என்பதே நேர்மையான கணிப்பு.

ஐயமும் அசட்டையும் ஒன்றே, நம்பாதவருக்கு விடை தேவையில்லை என்று ஒருவர் பதிலுரைக்கலாம். அப்படியானால் அசட்டை இவ்வழக்குகளில் மட்டும் தென்பட வேண்டும். ஆனால் நஞ்சுக் கொலை வழக்கின் உள்ளுறுப்புகளும் கள்ளச்சாராயப் புட்டிகளும் இதே வரிசையிலேயே நிற்கின்றன. வரிசை பொதுவானது, அதில் பின்னுக்குத் தள்ளப்படுவதால் விளையும் கேடுதான் பாலியல் வன்முறை வழக்கில் மிகுதி, ஏனெனில் இங்கே தடயம் உயிரியற் பொருள், வெப்பத்திலும் ஈரத்திலும் அழியக்கூடியது. ஆகவே வரிசை எவ்வாறு அமைந்தது என்பதைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849-இல் தோன்றியது; கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகிய இடங்களில் அடுத்தடுத்து ஏற்பட்டவற்றுக்கு இது முந்தியது. இவ்வலுவலகங்களின் தலையாய வேலை நஞ்சைக் கண்டறிவது. பிண உள்ளுறுப்பில் ஆர்சனிக்கோ ஊமத்தையோ இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே கூடம் மாகாணம் முழுமைக்கும் விடையளிக்க முடிந்தது; கண்ணாடிக் குடுவையில் அடைத்த ஈரல் தபாலில் வரும் வரை காத்திருந்தால் போதும், ஆர்சனிக் ஆவியாகிப் போவதில்லை. கறைகள் இரண்டாம் நிலைப் பணியாகவே வந்து சேர்ந்தன. குருதிக்கறை மனிதருடையதா விலங்கினுடையதா என்று பிரித்தறியும் ஊநீரியல், அதாவது குருதியின் தெளிநீரிலுள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆராயும் துறை, 1910-இல் கல்கத்தாவில் பிரித்தானிய இந்தியா முழுமைக்குமான ஒரே நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொலைவும் தாமதமும் இவ்வாறு அமைப்பின் இயல்பாயின. நஞ்சுக்காகக் கட்டப்பட்ட இந்த ஒருகூட முறை, அழியும் தடயத்துக்கும் அப்படியே பொருத்தப்பட்டது என்பதே கோல்ஸ்கியின் விளக்கத்துக்கு மாற்றாக முன்வைக்கப்படுவது. இதற்கான சான்று கோல்ஸ்கி காட்டும் தீர்ப்புகளைப் போல அடுக்கடுக்காகக் கிடைப்பதில்லை என்பது உண்மை. எனினும் 1959-இல் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கென ஆய்வுக்கூடம் அமைந்து, பின்னர் தடய அறிவியல் துறையாக வளர்ந்து, மயிலாப்பூர்த் தலைமைக் கூடமும் மண்டலக் கூடங்களுமாக விரிந்த பின்பும், மிக நுண்ணிய சோதனை தலைநகரிலும் எளிய சோதனை மண்டலத்திலும் என்ற படிநிலை மாறவில்லை. 1910-இல் கல்கத்தா நோக்கிச் சென்ற கறைக்கும் மரபணுப் பகுப்பாய்வு வேண்டி இன்று வேலூர் மண்டலத்தைக் கடந்து சென்னைக்குச் செல்லும் உறைக்கும் இடையே இருக்கும் ஒப்புமை தற்செயலானது என்று கொள்வது கடினம்.

சென்னை மாகாண வழக்கத்திலிருந்து வந்த மற்றொரு படியும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் கைப்பற்றப்பட்ட பொருள் காவல் நிலையத்திலிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. அது 'படிவம் 95' என்னும் சொத்துப் படிவத்துடன் நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. புலன் விசாரணை அதிகாரி வேண்டுகோள் கடிதம் தர, நீதிமன்றம் தன் கடிதத்துடன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு காவலர் அதைப் பேருந்திலோ ரயிலிலோ கொண்டுசெல்கிறார். காவல்துறையின் தனிக்கையில் சான்று இருக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் இதில் உண்டு. ஆனால் மருத்துவமனை, நிலையம், நீதிமன்றம், கூடம் என்று நான்கு இடங்களில் நான்கு பதிவேடுகள் உருவாகின்றன, நான்கையும் இணைத்துப் படிக்கும் கடமை எவருக்கும் இல்லை.

இனி சட்டத்தின் வாசகத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டின் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து 2006 ஜூன் 23 முதல் செயலுக்கு வந்த 53ஏ, 164ஏ ஆகிய பிரிவுகள், முறையே குற்றஞ்சாட்டப்பட்டவரையும் பாதிக்கப்பட்ட பெண்ணையும் மருத்துவர் பரிசோதிக்கும் முறையை வகுத்தன. மரபணு ஆய்வுக்காக எடுக்கப்பட்ட பொருளின் விவரம் மருத்துவரின் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று இரண்டும் கூறின. குற்றம் பற்றிய தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், மருத்துவர் தாமதமின்றி அறிக்கையை அனுப்ப வேண்டும் என்பன 164ஏ பிரிவின் கட்டளைகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184-ஆம் பிரிவு இதை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் மாற்றுகிறது: தாமதமின்மை என்ற பொதுக் கட்டளைக்குப் பதிலாக ஏழு நாள் என்ற எண் வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குரிய இணைப்பிரிவான 52-இல் இம்மாற்றம் செய்யப்படவில்லை. அங்கே தாமதமின்மையே நீடிக்கிறது. ஒரே நிகழ்வின் இரு உடல்களிலிருந்து எடுக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டாலன்றிப் பொருள்படாத இரு தடயங்களுக்கு, இருவேறு கால அளவுகள்.

இவ்வேறுபாடு வரைவாளரின் கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் இரண்டு பாடங்களுக்கும் பொதுவான ஒன்று கவனக்குறைவாக இருக்க இயலாது. கெடு விதிக்கப்பட்டிருப்பது மருத்துவரின் அறிக்கைக்கு. பொருளைப் பற்றிய விவரம் அந்த அறிக்கையில் பயணம் செய்கிறது, பொருளே எந்த நாளுக்குள் கூடத்தை அடைய வேண்டும், கூடம் எந்த நாளுக்குள் விடை தர வேண்டும் என்ற விதி 2005-இலும் இல்லை, 2024-இலும் இல்லை. இதற்கிடையில் மற்றக் கெடுக்கள் இறுகிக்கொண்டே வந்தன. 2018-ஆம் ஆண்டின் திருத்தம் வன்புணர்வு வழக்குகளின் புலன் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் இக்கெடுவைக் கண்காணிக்க இணையவழி அமைப்பொன்றைத் தொடங்கியது. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. ஆய்வக அறிக்கை பின்னர் தாக்கல் செய்யப்படும் என்ற குறிப்புடன் குற்றப்பத்திரிகை உரிய நாளில் நீதிமன்றத்தை அடைகிறது. கண்காணிப்புத் திரையில் அவ்வழக்கு கெடுவுக்குள் முடிந்த வழக்காகப் பதிவாகிறது. அறிக்கை கூடுதல் குற்றப்பத்திரிகையாக எப்போது வந்தாலும் எந்த எண்ணிக்கையும் குறைவதில்லை. காவல்துறையின் தாமதத்தைப் பிடிக்க உருவாக்கிய கருவி, ஆய்வுக்கூடத்தின் தாமதத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

இவ்விடத்தில், போதிய கவனம் பெறாத ஓர் ஆணையை நின்று படிக்க வேண்டும். நாட்டில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பெருகுவதைத் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய், நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜூலை 25-இல் பிறப்பித்த ஆணை அது. போக்சோ எனப்படும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் அறுபது நாளில் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும், அதற்கான செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று ஆணை கூறியது. இப்பகுதியே செய்தியாயிற்று, இதுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரைவு நீதிமன்றங்களுக்கான திட்டத்துக்கும் வழிகோலியது. அதே ஆணையில், நீதிமன்றத்துக்கு உதவியாக அமர்த்தப்பட்ட மூத்த வழக்கறிஞர் வி.கிரி முன்வைத்த மற்றொரு பரிந்துரையும் இடம்பெறுகிறது: ஒவ்வொரு மாவட்டத்திலும் போக்சோ வழக்குகளுக்கென ஒரு தடய அறிவியல் கூடம் வேண்டும் என்பது அது. அமர்வு அதை மறுக்கவில்லை. அது காத்திருக்கலாம் என்றும், அதுவரை இருக்கும் கூடங்கள் திறம்படச் செயல்பட்டு அறிக்கைகளை விரைந்து அனுப்புவதை மாநிலங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறிவிட்டது.

இந்த ஒரு பத்தியில் சான்றுத் தேக்கத்தின் நிதி வரலாறு அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது. நீதிமன்றத்துக்கு எண், நாள், நிதிமூலம் மூன்றும் கிடைத்தன. கூடத்துக்கு அறிவுரை கிடைத்தது. அமர்வின் தயக்கத்துக்குக் காரணம் இருந்திருக்கும்: நீதிமன்றத்தை வாடகைக் கட்டடத்திலும் தொடங்கலாம், பயிற்சி பெற்ற உயிரியலாளரை அறுபது நாளில் உருவாக்க முடியாது. ஆனால் இச்செயல்வரிசையின் விளைவு வேறு. விரைவு நீதிமன்றம் திறக்கப்பட்டதும் வழக்குகள் கூடத்தின் வாசலுக்கு முன்னிலும் வேகமாக வந்து சேர்ந்தன, வாசல் அகலமாகவில்லை. கோல்ஸ்கி வழியில் நின்று இவ்வாணையைப் படிப்பவர் ஐயத்தைத் தேடுவார், அது இங்கே இல்லை. அமர்வு புகாரளித்தவர் பக்கம் நின்றே பேசுகிறது. இருந்தும் தடயம் பின்னுக்குச் செல்கிறது. ஐயம் இல்லாத இடத்திலும் தேக்கம் விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

நிதி வராமல் இல்லை. டெல்லி கூட்டுப் பாலியல் வன்முறை நிகழ்வுக்குப் பின் 2013-14 நிதிநிலை அறிக்கையில் ப.சிதம்பரம் ரூ.1,000 கோடியுடன் அறிவித்த நிர்பயா நிதியிலிருந்து, மாநிலத் தடய அறிவியல் கூடங்களின் மரபணு, இணையக்குற்றப் பிரிவுகளை வலுப்படுத்த முதலில் 13 மாநிலங்களுக்கு ரூ.131.09 கோடியும், பின்னர் விரிந்து 30 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளுக்கு மொத்தம் ரூ.245.29 கோடியும் ஒப்புதல் பெற்றன. சண்டிகர் மத்தியக் கூடத்தில் ரூ.99.76 கோடியில் மரபணு ஆய்வகம் அமைந்தது. பாலியல் வன்முறைத் தடயத்துக்கான பணம் இணையக்குற்றத் தடயத்துக்கான பணத்தோடு ஒரே தலைப்பில் வந்தது. ஒரே கணக்கில் கணினிக்கும் மரபணுப் படிவரிசைக் கருவிக்கும் செலவிட முடியும்போது, தேங்கிய உறைகள் எவ்வளவு குறைந்தன என்று கேட்க அத்தலைப்பில் இடமில்லை. அடுத்து, தடயம் சேகரிப்பதற்கான பஞ்சுத் துடைப்பான், உறை, படிவம் ஆகியவற்றைக் கொண்ட பெட்டிகள் ஆயிரக்கணக்கில் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. முறையாகச் சேகரிக்கத் தெரியாத மருத்துவருக்கு இவை பெரிய உதவி. ஆனால் சேகரிப்பு சீரானால் கூடத்துக்கு வரும் உறையும் பெருகும். வரவைப் பெருக்கும் செலவும் தீர்வைப் பெருக்கும் செலவும் ஒரே திட்டத்தின் சாதனைப் பட்டியலில் கூட்டப்பட்டன. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்ற, 2028-29 வரைக்குமான ரூ.2,254.43 கோடித் தடய அறிவியல் திட்டமும் பல்கலைக்கழக வளாகங்களையும் மத்தியக் கூடங்களையும் நோக்கியது.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு நிதி வேறு வடிவில் வந்தது. அங்கே 2000-ஆம் ஆண்டிலேயே மரபணுத் தேக்கத்தை ஒழிப்பதென்ற பெயருடன் சட்டம் இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்ட டெபி ஸ்மித் என்பவரின் பெயரால் 2004-இல் வந்த சட்டம் தேக்கத்தைக் குறைக்கும் வேலைக்கே ஆண்டுதோறும் மானியம் தந்தது. 2009-இல் டெட்ராய்ட் காவல்துறைக் கிடங்கொன்றில் 11,000-க்கும் மேற்பட்ட சோதிக்கப்படாத பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றை எண்ண முடிந்தது என்பதே முக்கியம். எண்ண முடிந்ததால் ஒவ்வொன்றுக்கும் செலவைக் கணக்கிட முடிந்தது. மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ், வங்கிகளிடமிருந்து பறிமுதலான தொகையிலிருந்து 3.8 கோடி டாலரை 2015-இல் பிற ஊர்களின் தேக்கத்துக்கு வழங்கினார். இந்தியாவில் தனியார் கூடத்துக்கு உறைகளை ஒப்படைத்துத் தேக்கத்தைத் தீர்ப்பது நெடுங்காலம் இயலாததாக இருந்தது, ஏனெனில் சோதித்தவரை நேரில் விசாரிக்காமலே ஏற்கத்தக்க அறிக்கை அரசு நிபுணருடையதாகவே இருக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு வரையறுத்தது. புதிய சட்டத்தின் 329-ஆம் பிரிவு, மாநில அரசு அறிவிக்கையால் சான்றளிக்கும் பிற அறிவியல் நிபுணருக்கும் இடம் தருவதால், அக்கதவு இப்போது சற்றுத் திறந்திருக்கிறது.

வேலூர், ஆம்பூர் பகுதியில் இப்பொதுநிலை தனித்த கூர்மை பெறுகிறது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தன. நிர்வாகம் மூன்றாயிற்று, மண்டலத் தடய அறிவியல் கூடம் வேலூரிலேயே இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி அடுக்கம்பாறையில் இருக்கிறது, நுண்ணிய பகுப்பாய்வுக்குச் சென்னை இருக்கிறது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், சென்னை 190 கிலோமீட்டர். பேர்ணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தேறி ஷூ தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், வீட்டிலேயே ஷூவின் மேற்பகுதியைத் துண்டுக்கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கும், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் ஒவ்வொரு நாளும் கூலியில்லாத நாள். அறிக்கை வரவில்லை என்று வாய்தா தள்ளிப்போகும் காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். பல வேளைகளில் அவர் அதே தெருவில், அதே கம்பெனியில் இருப்பவர். சமாதானமாகிவிடச் சொல்லும் பெரியவர்களின் குரலுக்கு வலிமை தருவது இந்த இடைவெளிதான். ஆய்வுக்கூடத் தாமதத்தின் செலவு அரசின் எந்தக் கணக்கிலும் வராமல் இவ்வாறு அப்பெண்ணின் கூலியிலிருந்து கழிகிறது.

இப்பகுதியில் சோதனை என்பது அறியாத ஒன்றன்று. தோல் பதனிடும்போது சேர்ந்த பென்டாகுளோரோபீனாலுக்கு ஜெர்மனி 1989-இல் தடை விதித்தபோதும், ஆறிணைதிறன் குரோமியம் ஒரு கிலோகிராம் தோலில் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே மாதம் செயலுக்கு வந்தபோதும், சோதனை அறிக்கை இல்லாத சரக்கு கப்பலேறாது என்ற நிலையில் இத்தொழில் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. அறிக்கைக்கு நாள் குறித்திருந்ததால் அறிக்கை வந்தது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் ஏற்பட்ட கேட்டின் வரலாறும் இதற்கு அருகில் வருகிறது: 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஓர் ஆணையத்துக்கு வழிவகுத்தது, அவ்வாணையம் நிலத்தையும் நீரையும் சோதித்து 2001-இல் இழப்பீட்டை மதிப்பிட்டது, வழங்கப்படாத இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துப் பின்னர் மாசுபடுத்தியவரிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. சோதனைக்கு யார் பணம் தருவது, எந்த நாளுக்குள் என்ற கேள்விகளை நீதிமன்றம் எண்களால் எதிர்கொள்ள முடியும் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு.

அதே 2025 ஜனவரியில்தான் வேலூர் மகிளா நீதிமன்றம், 2022 மார்ச்சில் நகரில் ஆட்டோவில் கடத்தப்பட்ட பெண்ணின் வழக்கில் நால்வருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவ்வழக்கில் புகார் மின்னஞ்சல் வழியே சில நாள் கழித்தே வந்தது. உடலிலிருந்து தடயம் பெற 96 மணி நேரம் என்பது சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டி தரும் எல்லை. புகார் தாமதமாகும் வழக்குகள் ஏராளம் என்பதால், வாய்மொழி ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றியமையாதது. ஆனால் அந்நெறியை, எடுத்த தடயத்தைச் சோதிக்காமல் விடுவதற்கான அனுமதியாகப் படிக்கும் பழக்கம் ஆபத்தானது. சோதிக்கப்படாத உறை புகாரளித்தவருக்கு மட்டுமன்றி, குற்றமற்றவராக இருக்கக்கூடிய ஒருவருக்கும் நீதியை மறுக்கிறது.

அந்த ஆபத்தைத் தேனி மாவட்டச் சுருளி அருவி வழக்கு காட்டியது. 2011 மே மாதம் அங்கே ஓர் இளம்பெண்ணும் இளைஞரும் கொல்லப்பட்டனர்; 2018-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை மதுரை அமர்வு 2019-இல் உறுதிசெய்தது; 2025 ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்றவரை விடுவித்தது. மரபணுத் தடயம் கூடத்தை அடைவதற்கு நேர்ந்த விளக்கமில்லாத தாமதமும், அது யார் கையில் எந்நாள் இருந்தது என்பதற்கான தொடர் உடைந்திருந்ததும் விடுதலைக்கு முக்கியக் காரணங்கள். உண்மை என்னவென்பதை இனி எந்தச் சோதனையும் சொல்லப்போவதில்லை. இரு குடும்பங்களுக்கும், சிறையில் இருந்தவருக்கும், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைக்கவில்லை. எடுத்த தடயத்தை 48 மணி நேரத்துக்குள் கூடத்துக்குச் சேர்க்கும் பொறுப்பு புலன் விசாரணை அதிகாரியுடையது, முடியாவிட்டால் காரணத்தைப் பதிய வேண்டும், எடுத்த நாள் முதல் வழக்கு முடியும் வரை பொருள் கைமாறிய ஒவ்வொரு முறையையும் ஒரு பதிவேட்டில் எழுதி விசாரணை நீதிமன்ற ஆவணத்துடன் இணைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அத்தீர்ப்பு ஆணையிட்டது.

இத்தீர்ப்பு முன்னிருந்த இடைவெளியின் ஒரு பாதியை நிரப்புகிறது: பொருள் கூடத்தின் வாசலை அடையும் நாள் முதன்முறையாக எண் பெற்றது. வாசலுக்கு உள்ளே நிகழ்வதற்கு இன்னும் எண் இல்லை. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்ற புதிய சட்டத்தின் 176-ஆம் பிரிவுக் கட்டளை, மாநிலம் ஐந்தாண்டுக்குள் அறிவிக்கும் நாளிலிருந்தே கட்டாயமாகிறது. அந்நாள் அதிகபட்சம் 2029-இல் வரும்போது கூடத்துக்கு வரும் உறைகள் மேலும் பெருகும் என்பதில் ஐயமில்லை.

தேக்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்பதைத் தீர்மானிக்க இதுவரை கிடைக்கும் சான்றுகள் போதமாட்டா. 2006-இல் மரபணு விவரம் சட்டத்தில் நுழைந்ததையோ, 2012-இல் போக்சோ சட்டம் வழக்குகளைப் பெருக்கியதையோ, 2018-இல் இரண்டு மாதக் கெடு அறிக்கைகளைக் குற்றப்பத்திரிகையிலிருந்து பிரித்ததையோ தொடக்கமாகக் கொள்ளலாம். மூன்றுக்கும் நியாயம் உண்டு, மூன்றாவதற்கே இக்கட்டுரை சாய்கிறது, எனினும் அச்சாய்வு வாசகத்தின் தர்க்கத்தை நம்பியதேயன்றிப் பதிவேட்டின் எண்ணிக்கையை நம்பியதன்று. 2025 ஜூலைக்குப் பின் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் நிலையங்களிலிருந்து நீதிமன்றம் ஏறும் வழக்குகளில் கைமாற்றுப் பதிவேடு உண்மையாகவே இணைக்கப்படுமானால், பொருள் கூடத்தை அடைந்த நாளும் கூடம் அறிக்கையில் கையொப்பமிட்ட நாளும் ஒரே கோப்பில் அருகருகே கிடைக்கும். இவ்விரு நாள்களின் இடைவெளியை வழக்குவாரியாகத் தொகுத்த பிறகே இங்கு முன்வைக்கப்பட்ட கால வரிசையை உறுதிசெய்யவோ கைவிடவோ இயலும்.